வால்பாறையில் ஆறே பேரோடு இரண்டு நாள் வனச் சுற்றுலா: போகலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி வால்பாறை மலையைச் சுற்றிக் காட்டும் இரண்டு நாள் சுற்றுலா ஒன்றில் போய் வந்தோம். ஒரு வண்டி, ஆறு பேர், ஒரு டிரைவர், ஒரு கைடு, அவ்வளவுதான். தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 7,500 ரூபாய். புலி பார்க்கவில்லை, யானையும் பார்க்கவில்லை. ஆனாலும் இதுவரை நான் போன மலைப் பயணங்களில் மனது நிறைந்து வீடு திரும்பியது இதில்தான். குறைகளும் இருந்தன, அவற்றையும் சொல்லப்போவதால் நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மலைக்கு வேறு ஒரு ஏற்பாட்டில் பதினெட்டு பேரோடு வேனில் போயிருக்கிறேன். ஆழியாறு தாண்டி கவியருவி பக்கம் வண்டியை நிறுத்தி டிரைவரே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நாட்டுக் குரங்குகளுக்குப் போட்டார், எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், ஒரு குட்டி பிஸ்கட்டுக்காகச் சக்கரத்துக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு முழுக்கப் பாட்டு, ஹாரன், ஒவ்வொரு வியூ பாயின்ட்டிலும் பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து யோசித்தால் மலையைப் பார்த்த மாதிரியே இல்லை. அதனால்தான் இந்த முறை தேடித் தேடி ஆறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று சொன்னவர்களிடம் பதிவு செய்தேன். நான், அக்கா, அக்கா மகன் (ஏழாம் வகுப்பு), பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, பெரிய கேமராவோடு வந்த ஒரு இளைஞர், இதுதான் எங்கள் குழு.

கைடு அந்த ஊரிலேயே பிறந்த பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவராம். வண்டி ஆழியாறு செக்போஸ்ட்டை அடையும் முன்பே மூன்று விஷயம் சொல்லிவிட்டார். விலங்கைப் பார்த்தால் கத்தக் கூடாது, தோளைத் தட்டிக் கையால் காட்டினால் போதும். அவர் சொல்லாமல் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. எதற்கும் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. இதை அதட்டலாகச் சொல்லவில்லை, "நம்ம வீட்டுக்கு வந்தவங்க மாதிரி இல்லீங்க, அவங்க வீட்டுக்கு நாம போறோம்" என்றார். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எல்லோரிடமும் வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள், செக்போஸ்ட்டில் சோதனையும் இருந்தது. இ-பாஸை அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள். (2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும், சொந்த வண்டியில் போகிறவர்கள் மறந்துவிடாதீர்கள்.)

மலை ஏற்றத்தில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தட்டில் ஊற்றிய தண்ணீர் போலத் தெரியும் இடம், எல்லா வண்டியும் அங்கே நிற்கும். நாங்கள் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றோம். கைடு பாறைச் சரிவைக் காட்டினார். முதலில் எனக்குப் பாறை மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்தப் பாறையில் ஒரு பகுதி அசைந்தது. வரையாடு. ஒன்று தெரிந்ததும் அடுத்தடுத்து ஏழு தெரிந்தன, அவற்றில் இரண்டு குட்டிகள். ஜனவரி பிப்ரவரிதான் வரையாடு குட்டி போடும் காலம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தாயும் ஒரு குட்டியும் ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கே இறங்கி வந்தன. சுவரின் அகலம் ஒரு சாண், ஒன்றரை சாண் இருக்கும், அந்தப் பக்கம் அதல பாதாளம். குட்டி அதன்மேல் குளம்பு டக் டக் என்று சத்தம் கேட்க நடந்து, நடுவில் நின்று, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டு, மறுபடி நடந்தது. என் அக்கா மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், விழுந்துவிடுமோ என்று. வாயைத் திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இந்த வரையாடுதான். நம் மாநில விலங்கும் இதுதான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன, 2025 கணக்கெடுப்பில் 1,303. அதாவது மாநிலம் முழுவதும் இருக்கிற எண்ணிக்கை ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் அளவுதான். நீலகிரியின் முக்கூர்த்தியிலும் ஆனைமலையின் கிராஸ் ஹில்ஸ் புல்வெளியிலும்தான் அதிகம் வாழ்கின்றன. அந்த நேரத்தில் பின்னால் வந்த ஒரு கார் நின்று, அதிலிருந்து ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்கினார். எங்கள் கைடு போய் அவரிடம் மெதுவாகப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, ஆனால் அவர் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து நின்று பார்த்தார். இருபது நிமிடம் அங்கே இருந்தோம். பதினெட்டு பேர் வேனில் இது நடக்காது, நடக்கவும் முடியாது, ஏனென்றால் யாராவது ஒருவருக்கு டீ வேண்டியிருக்கும், யாராவது ஒருவர் சிரிப்பார், ஆடு மேலே ஏறிவிடும்.

அட்டகட்டி, கவர்க்கல் எல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டோம், கவர்க்கல்லில் பனிமூட்டம், எதுவும் தெரியவில்லை. ரொட்டிக்கடை தாண்டி, வால்பாறை ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். இந்த இடத்துக்காகவே நான் இன்னொரு தடவை போவேன். சுற்றிலும் தேயிலை, நடுவில் சுமார் 92 ஹெக்டேர் அளவுக்கு ஒரு துண்டு மழைக்காடு மிச்சம் இருக்கிறது. அதில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் இல்லாதவை. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். மரத்தை விட்டு இறங்காமலேயே காலம் தள்ளக்கூடிய ஜீவன், காடு துண்டு துண்டானதால் ரோட்டைக் கடக்க வேண்டிய நிலை, வண்டியில் அடிபட்டு இறந்தவை உண்டு. அதனால் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், வண்டிகளை மெதுவாக்கச் சொல்ல ஆட்களும் நிற்கிறார்கள். வால்பாறையில் நிலையம் வைத்து வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எஃப். ஆட்களும் வனத்துறையும் எஸ்டேட்டும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று கைடு சொன்னார்.

முக்கால் மணி நேரம் நின்றோம். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. கேமரா இளைஞர் இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தார், நானும்தான். அப்புறம் இலை சலசலத்தது. முதலில் ஒரு பெரிய ஆண் வந்தது. கருகருவென்ற உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநரை நிறத்தில் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அது பாலத்தில் ஏறாமல் ஓரமாக உட்கார்ந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தது. அதன் பின்னால் பெண்கள், குட்டிகள், வரிசையாகப் பாலத்தில் கடந்தன. ஒரு பெண்ணின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கிய குட்டிக்கு முகம் இன்னும் வெளிறி இருந்தது, பிடரி முளைக்கவில்லை, தலைகீழாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. கடைசிக் குரங்கு தாண்டும் வரைக்கும் அந்த ஆண் நகரவே இல்லை. ஓய்வு பெற்ற அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கியது ஒரு எஸ்டேட்டின் பழைய வீட்டில். சுத்தம், வெந்நீர், கம்பளி எல்லாம் சரியாக இருந்தன, சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தது. சொல்ல வேண்டியது சாயங்காலம் நடந்ததைத்தான். ஆறரை மணிக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடை என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி நிற்கிறோம், கைடு போனைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாங்க, யாரும் வெளியே வராதீங்க" என்றார். திண்ணையில் நின்று தூரத்தில் ஒரு கம்பத்தைக் காட்டினார், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கேயோ யானை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த விளக்கின் கதை தெரிந்தால் வால்பாறையை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், அதில் பெரும்பகுதி தேயிலை, சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகத் தேயிலைக்குள்தான் நடந்தாக வேண்டும். மக்கள் இறந்த சம்பவங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமலே இருட்டில் எதிரில் போய் மாட்டியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார்களே. அதனால் யானை நிற்கும் இடத்தை லோக்கல் டி.வி.யில் ஓடவிடுவது, 2011லிருந்து மக்களின் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது, போனிலிருந்தே இயக்கும் சிவப்பு விளக்குகளை முக்கியமான இடங்களில் வைப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். இதை முன்னின்று செய்த என்.சி.எஃப். ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அந்தந்தப் பகுதி ஆட்களே. வேலை முடிந்து இருட்டில் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) நடந்து போகிற ஒரு அம்மாவுக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் என்னவென்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் யானையைப் பார்க்கவில்லை என்று சொன்னேன் இல்லையா, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு அந்தக் குறையே தோன்றவில்லை.

அன்று ராத்திரி கேமரா இளைஞர் கைடிடம் தனியாகக் கேட்டார், வண்டியில் ஒரு ரவுண்டு போய் டார்ச் அடித்துப் பார்க்கலாமா, வேறு சிலர் கூட்டிப் போகிறார்களே என்று. கூடுதலாகப் பணம் தருவதாகவும் சொன்னார். "அது தப்புங்க சார், கேஸ் ஆகும். கேஸை விடுங்க, ராத்திரியில கண்ணுல லைட் அடிச்சா மிருகத்துக்கு என்ன ஆகும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இந்த ஒரு பதிலுக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு எழுப்பிவிட்டார்கள். இருவாச்சிப் பறவை பார்க்க. ஒரு காட்டோரமாகப் பெரிய அத்தி மரம், பழம் பழுத்து நிற்கிறது, அதற்கு எதிரே தேயிலைப் பாதையில் நாங்கள். எஸ்டேட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள், இது தனியார் தோட்டம், நாமாக நுழைய முடியாது. இருவாச்சியைக் கண்ணால் பார்க்கும் முன் காதால் கேட்டேன். தலைக்கு மேலே யாரோ ராட்சத முறத்தால் காற்றைப் புடைக்கிற மாதிரி ஹஃப், ஹஃப், ஹஃப் என்று ஒரு சத்தம், பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போனது. அடுத்த தடவை மரத்தில் வந்து உட்கார்ந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பறவை, அலகுக்கு மேல் மஞ்சள் கிரீடம். ஒரு அத்திப்பழத்தை அலகு நுனியில் எடுத்து, மேலே தூக்கிப் போட்டு, வாய்க்குள் விழ வைத்து, விழுங்கியது. இப்படியே ஒன்று, இரண்டு, பையன் இருபத்து மூன்று வரை எண்ணினான்.

அது தின்னவில்லை, சேர்க்கிறது என்றார் கைடு. இந்த மாதங்களில் பெண் இருவாச்சி ஒரு மரப்பொந்துக்குள் போய், வாசலைத் தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இடுக்கை மட்டும் விட்டு, முட்டையும் குஞ்சுமாக மூன்று நான்கு மாதம் உள்ளேயே கிடக்கும். ஆண்தான் பழத்தைத் தொண்டையில் சேர்த்துக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும். ஆண் வரவில்லையென்றால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை. கூட்டைக் காட்டுவீர்களா என்று அக்கா கேட்டார். "கூடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. காட்ட மாட்டேன். கீழ ஆளு நின்னா ஆண் பறவை பக்கத்து மரத்துலயே உக்காந்துக்கும், உள்ள போகாது. நாம அரை மணி நேரம் நின்னா அதுக்கு அரை மணி நேரம் பசி" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார். அதற்கப்புறம் எங்களில் யாரும் எதையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் தேயிலைக்குள் காட்டுமாடுகள், பதினொன்று. வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார்கள். முன்னால் நின்ற காளை தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கருப்புச் சுவர் எழுந்த மாதிரி நின்றது, கால்களில் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டது போல். பெரிய காளை ஒரு டன் எடை வரும். முதல் நாள் பார்த்திருந்தால் கேமரா இளைஞர் கதவைத் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன், அன்று ஜன்னல் வழியாகவே எடுத்தார். மூக்கிலிருந்து ஆவி பறக்கும் அந்தப் படத்தை எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார், என் போனில் இப்போது முகப்புப் படம் அதுதான்.

நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை இரண்டும் பிற்பகலில். நல்லமுடியில் மேகம் விலகிய ஐந்து நிமிடம் ஆனைமுடி தெரிந்தது, 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் உயரமான சிகரம். சோலையாறு அணைக்கு ஓட்டமாக ஓடி வந்தோம், அதை விட்டிருக்கலாம்.

இனி குறைகள். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, டிரைவர் வர ஆறே முக்கால் தாண்டிவிட்டது, ஒரு போன் கூட இல்லை. விலங்கு பார்க்கும் பயணத்தில் காலை நேரம்தான் பொன், அதில் முக்கால் மணி நேரம் போனது பெரிய இழப்பு. ஆறு பேருக்கு இரண்டே பைனாகுலர், அதில் ஒன்றின் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்து மங்கலாகத் தெரிந்தது. பின்வரிசை சீட்டில் ஜன்னல் சின்னது, அங்கே உட்கார்ந்தவர்கள் பாதி நேரம் முன்னால் இருப்பவர் தலையைத்தான் பார்த்தார்கள், இடம் மாறி மாறி உட்கார வேண்டும் என்பதைக் கைடு தானாகச் சொல்லியிருக்க வேண்டும், நாங்களே பேசி மாற்றிக்கொண்டோம். எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வந்தது விளம்பரத்தில். கிராஸ் ஹில்ஸ் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது, இந்தப் பயணத்திலும் அது கிடையாது. கேட்டால் சும்மா படத்துக்காகப் போட்டது என்றார்கள். இவ்வளவு நேர்மையான கைடை வைத்துக்கொண்டு விளம்பரத்தில் இப்படிச் செய்ய அவசியமே இல்லை. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

பதிவு செய்யும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: வண்டியில் உண்மையில் எத்தனை பேர், ஆறு என்றால் ஆறுதானா, இல்லை கடைசி நேரத்தில் எட்டு ஆகுமா. கைடு உள்ளூர்க்காரரா, டிரைவரே கைடா. டிரைவரே கைடு என்றால் நான் போக மாட்டேன், வளைவையும் மரத்தையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. இரவு சவாரி உண்டா என்று கேளுங்கள், உண்டு என்றால் அவர்களை விட்டுவிடுங்கள். சொந்தமாக பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். குட்டி வரையாடும் இருவாச்சியும் வேண்டுமென்றால் பிப்ரவரி. மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு லீச் சாக்ஸ் வேண்டும், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். எங்களோடு வந்த அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இரண்டு நாளிலும் சேர்த்து நடை இரண்டு கிலோமீட்டருக்குள்தான், அதுவும் சமமான எஸ்டேட் பாதை. வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், நடுவரிசை ஜன்னல் சீட்டை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.